கியர் குமிழில் தேய்வது மேல்பூச்சு மட்டுமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும் பழைய லாரிக்கு டிங்கரிங், பெயின்ட், சீட் ரெக்சின் எல்லாம் புதிதாகும். டிரைவரின் இடது கை நாள் முழுக்கப் பிடிக்கும் கியர் குமிழை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. கவனிப்பவர்களும் ஸ்டிக்கர் கடையில் தொங்கும் கண்ணாடிக் குமிழை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அதற்குப் பழையது தேய்ந்தபடியே இருப்பது மேல். அந்தக் கண்ணாடிக் குமிழைப் பிடித்து நிறுத்துவது சுற்றிலும் உள்ள, தலையில்லாத மூன்று குட்டி கிரப் ஸ்க்ரூக்கள்தான். அவை கியர் ராடின் மரையைக் குத்தி நசுக்கும். லாரியின் அதிர்வில் சில நாளிலேயே தளரும். பிறகு ஒரிஜினல் குமிழைத் திரும்பப் போட நினைத்தாலும் மரை ஏறாது.

குமிழ் ஆடுகிறது என்றதும் அதைக் கழற்ற வேண்டாம். முதலில் ராடைப் பாதி உயரத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அங்கேயே ஆட்டம் இருந்தால் கீழே ராடு பொருந்தும் கியர் டவர் பக்கம் புஷ் (ராடைத் தாங்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே என்ன செய்தாலும் வீண்.

கழற்றும்போது முதலில் குமிழின் அடியில் அதை இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டைத் தளர்த்த வேண்டும். கடலூர் முதுநகர், புதுச்சேரிக் கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டிகளில் உப்புக் காற்றால் நட் துருவோடு ஒட்டிப்போயிருக்கும். துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவிட்டால் பெரும்பாலும் இளகிவிடும். பைப் ரெஞ்சால் குமிழைக் கவ்வக் கூடாது, பேக்லைட் (பழைய குமிழ்களின் கெட்டிப் பிளாஸ்டிக்) உடையும். சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக் கையால் திருகுங்கள். யாராவது முன்பு இன்ஸ்டன்ட் பசை விட்டு ஒட்டியிருந்தால் கொதிநீரில் நனைத்த துணியைச் சில நிமிடம் சுற்றி வைத்துத் திருகிப் பார்க்கலாம். குமிழிலேயே ஏர் பைப்பும் ஸ்விட்சும் உள்ள வண்டிகளுக்கு இதெல்லாம் பொருந்தாது. அங்கே காற்றை இறக்காமல் கை வைக்கக் கூடாது.

உண்மையான வேலை மரையில்தான். லாக் நட் தொலைந்த வண்டியில் குமிழ் ஒவ்வொரு கியருக்கும் சற்றே சுழன்று சுழன்று உள்மரையைத் தின்றுவிடும். டெஃப்லான் டேப், சணல், டியூப் துண்டு எது சுற்றினாலும் ஒரு வாரம் தாங்கும். வேறு குமிழ் வாங்குவதானால் ராடின் மரையை வெர்னியர் (விட்டத்துக்கு), பிட்ச் கேஜ் (மரைகளின் இடைவெளியான பிட்சுக்கு) இரண்டாலும் அளந்துவிட்டுப் போங்கள். 10 மி.மீ. மரையும் மூன்று நூல் மரையும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். மூன்று நூல் என்பது 9.5 மி.மீ. அதன் பிட்ச் 1.59, மற்றதன் பிட்ச் 1.5. அதனால் மூன்று நூல் ராடில் 10 மி.மீ. குமிழ் வழுக்கிக்கொண்டு ஏறும், நான்கு சுற்றுக்கு இறுகியதுபோலவும் இருக்கும், பிறகு ஆடும். 12 மி.மீ. மரையிலும் 1.75, 1.5, 1.25 என மூன்று பிட்ச் உண்டு.

நிலையான தீர்வு குமிழுக்குள் பதிக்கும் பித்தளை புஷ். லேத்தில் 16 மி.மீ. வெளிவிட்டம், 25 மி.மீ. நீளம் கடைந்து, வெளிப்புறம் நர்லிங் (பிடிப்புக்கான சொரசொரப்பு வரிகள்) போட்டு, உள்ளே ராடுக்கேற்ற மரை வெட்டச் சொல்லுங்கள். 12×1.75 மரைக்கு 10.2 மி.மீ. துளை, 10×1.5 மரைக்கு 8.5. குமிழை 12, 14, 16 எனப் படிப்படியாகத் துளையிட வேண்டும். ஒரே அடியில் 16 போட்டால் பேக்லைட் விளிம்பு சில்லாகத் தெறிக்கும். புஷ் கையால் உள்ளே போகும் அளவுக்குத் துளையைச் சற்றே அகட்டி, இரண்டு டியூப் எபாக்சியைச் சம அளவில் கலந்து ஒட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் காயும் வகை வேண்டாம், வெயிலில் நிற்கும் கேபின் சூட்டில் அது இளகும். சாதாரண வகை 24 மணி நேரம் எடுத்துக்கொள்ளட்டும். பசை உள்மரைக்குள் வழியாமலிருக்க ஒரு போல்ட்டில் மெழுகு தடவித் திருகி வைப்பது நல்லது.

மேல்பரப்பு பற்றிச் சொல்ல அதிகமில்லை. பேக்லைட் மங்கிப் பழுப்பானால் மேல்தோல் போய் உள்ளிருக்கும் மரத்தூள் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். 400, 800, 1200, 2000 என வாட்டர் பேப்பரால் நனைத்தே தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட், பிறகு மெழுகு. உலர்வாகத் தேய்க்க வேண்டாம், பழைய பேக்லைட் சிலவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கும். பெட்ரோல், தின்னர் வேண்டாம். பிளாஸ்டிக் குமிழ் விரிசல் விட்டுப்போகும். ஷூ பாலிஷ் போட்டுக் கறுப்பாக்குவது சுலபம்தான், முதல் டிரிப்பிலேயே டிரைவரின் பனியனில் தெரியும்.

குமிழ் பிழைக்காது என்றால் பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும் பலா மரத்தில் கடைந்துகொள்ளலாம். நன்கு காய்ந்த கட்டையாக இருக்க வேண்டும், பச்சையில் கடைந்தால் பிளந்துவிடும். மரத்தில் நேரடியாக மரை வெட்டினால் நிற்காது, அதற்கும் புஷ் வேண்டும். மேலே பி.யு. (பாலியூரிதேன்) பூச்சு. பிரெஞ்ச் பாலிஷ் வியர்வையில் வெளுக்கும், தேங்காய் எண்ணெய் பிசுபிசுக்கும்.

கியர் வரைபடத்தை மறக்க வேண்டாம். எழுத்துப் பள்ளங்களில் ஆயுத பூஜைச் சந்தனமும் குங்குமமும் இறுகியிருக்கும், ஊசியால் சுரண்டி எடுங்கள். வெள்ளை எனாமலைப் பள்ளத்தில் தடவி, அது சற்று இறுகத் தொடங்கியதும் தடித்த அட்டையால் மேலே வழித்தால் கோடுகளில் மட்டும் வெள்ளை நிற்கும். கடைக் குமிழ்களில் கார் வரைபடம் அச்சிட்டிருக்கும். ரிவர்ஸ் இடம் லாரிக்கு வேறாக இருக்கலாம். கியர் பாக்ஸ் மாற்றிய வண்டியில் ஒரிஜினல் குமிழின் படமே தவறாகவும் இருக்கலாம். சொந்த டிரைவருக்குக் கை தானாகப் போகும். அன்றைக்கு மட்டும் வரும் ஆக்டிங் டிரைவர் குமிழைப் பார்த்துத்தான் போடுவார். என்ஜினை நிறுத்தி, கிளட்சை மிதித்து, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்து, படம் தவறென்றால் அதை அழித்துவிட்டுச் சரியானதைச் செதுக்குங்கள். லாக் நட்டை இறுக்கும்போது படம் டிரைவரைப் பார்த்து நேராக நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
லாரி மெக்கானிக்குகள்,
மஞ்சக்குப்பம், கடலூர்.