உயிருள்ள பார்சல்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுத்தோட்டம் பற்றி எழுதும்போது எந்தச் செடியை வளர்க்கலாம் என்று விரிவாகச் சொல்கிறார்கள். அந்தச் செடி அட்டைப்பெட்டிக்குள் வந்து இறங்கும்போது என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. சிறு வளர்ப்பாளர்களிடமிருந்து செடி, கிழங்கு, மண்புழு, நன்மை செய்யும் பூச்சிகள் என்று கூரியரில் வரவழைப்பவர்கள் இன்று நிறையப் பேர். வந்தது பட்டுப்போனால் பழி முழுவதும் அனுப்பியவர் தலையில் விழுகிறது. பிழை அவர் பக்கம் இருப்பதும் உண்டு. ஆனால் வழியில் சாகும் செடிகளைவிட, வந்து சேர்ந்த முதல் வாரத்தில் வாங்கியவர் கையில் சாகும் செடிகளே அதிகம் என்பது என் கணிப்பு.

முதலில், ஆர்டர் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை. எந்தக் கிழமை அனுப்புவீர்கள்? வாரத் தொடக்கத்தில் அனுப்பினால் விடுமுறை நாளில் பெட்டி கிடங்கில் கிடக்காது. பெரும்பாலான செடிகள் இருட்டில் மூன்று நான்கு நாள் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் போனால் சேமிப்பில் இருந்த மாவுச்சத்தைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். மூடிய பெட்டிக்குள் செடியே வெளிவிடும் எத்திலீன் வாயுவும் சேர்ந்துகொள்ள, கீழ் இலைகள் மஞ்சளித்துக் கொட்டும். 1833இல் லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் பெரணிகளையும் புற்களையும் அடைத்துக் கப்பலில் சிட்னிக்கு அனுப்பினார். பல மாதப் பயணத்துக்குப் பிறகும் அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. உள்ளே ஈரம் வெளியேறாமல் சுழன்றது. மேலே வெளிச்சம் விழுந்தது. அட்டைப்பெட்டியில் வெளிச்சம் இல்லை என்பதால் ஈரத்தை மட்டும் அடைத்து வைத்தால் பூசணம்தான் வரும். இலை உட்பட முழுச் செடியையும் பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்புகிறவரிடம் வாங்காதீர்கள். பை வேருக்கு மட்டும். இலைக்குச் செய்தித்தாள் போதும். பெட்டியில் நான்கைந்து துளை வேண்டும். ‘இந்தப் பக்கம் மேலே’ என்ற அம்புக்குறியை நம்பியும் பயனில்லை. தலைகீழாகக் கிடந்தாலும் தொட்டியிலிருந்து மண் கொட்டாதபடி வாயை அடைத்துக் கட்டுபவரே தொழில் தெரிந்தவர்.

அடுத்த கேள்வி, தாய்மண்ணோடு வருமா, வேரைக் கழுவி வருமா? தாய்மண் உடையாமல் வருவது நல்லது என்றே பலரும் நினைக்கிறோம். உள்ளூரில் கையோடு எடுத்துவரும் செடிக்கு அது சரி. தொலைவிலிருந்து வரும் மண்ணில் வேரைக் கெடுக்கும் நூற்புழு, நத்தை முட்டை, எறும்பு, வேர் மாவுப்பூச்சி எல்லாம் கூடவே வரும். நியூசிலாந்துத் தட்டைப்புழு என்று ஒன்று உண்டு. மண்புழுக்களைத் தின்றே வாழும். 1963இல் பெல்ஃபாஸ்டில் முதன்முதலாகத் தென்பட்ட அது, தொட்டிச் செடிகளின் மண்ணோடு கடல் கடந்து வந்ததாகவே கருதப்படுகிறது. ஆகவே தூரத்திலிருந்து வாங்கினால் வேரைக் கழுவி, ஈரமான தென்னைநார்த்தூளோ பாசியோ சுற்றி அனுப்பச் சொல்லுங்கள். கள்ளி, சதைப்பற்றுச் செடிகளுக்கு இதற்கு நேர்மாறு: ஒரு வாரம் தண்ணீரை நிறுத்தி, வேர் உலர்ந்து, வெட்டுக்காயம் ஆறிய பிறகு காகிதத்தில் சுற்றி வர வேண்டும். அவற்றுக்கு ஈரம்தான் எமன்.

பெட்டி வந்ததும் அன்றே திறந்துவிடுங்கள். நாளைக் காலை என்று தள்ளிப்போடாதீர்கள். முகவரிச் சீட்டு, முழுச் செடி, வேர் மூன்றையும் உடனே படம் எடுத்துக்கொள்ளுங்கள். இழப்பீடு கேட்க நேர்ந்தால் அது மட்டுமே சாட்சி. கழுவிய வேரோடு வந்த செடியை ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீரில் நிறுத்துங்கள், ஒரு நாளுக்கு மேல் வேண்டாம். காற்றில்லாமல் வேர் மூச்சுத் திணறும். கறுத்துக் கொழகொழத்த வேரைச் சுத்தமான கத்தியால் வெட்டி எறியுங்கள். தொட்டியோடு வந்திருந்தால் விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. வாடியிருக்கிறதே என்று ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் மிகப் பெரிய கொலை. பயணத்தில் மெல்லிய வேர்கள் அடிபட்டிருப்பதால் செடியால் தண்ணீரை இழுக்க முடிவதில்லை. வாட்டத்துக்கு அதுவே காரணம். நிழலில் வைத்து, இலை மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். உரமும் கூடாது. தொட்டியோடு வந்ததை வேறு தொட்டிக்கு மாற்ற ஏழு முதல் பத்து நாள் பொறுங்கள். பிறகு காலை வெயிலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போகலாம்.

இலை எல்லாம் கொட்டிவிட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். தண்டின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. ஒட்டுக்கன்றாக இருந்தால் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிரைக் கிள்ளிவிட வேண்டும், ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். தாமரைக் கிழங்குக்கு உயிர் நுனியில் இருக்கிறது. நுனி முறிந்திருந்தால் அதை உடனே தெரிவியுங்கள். முறியாமல் வந்ததை முழுவதும் சேற்றில் புதைத்து நீங்களே அழுக வைத்துவிடாதீர்கள்.

புதிதாக வந்ததை மூன்று நான்கு வாரம் மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்று இருந்தால் இலைக்காம்பின் இடுக்கில் மாவுப்பூச்சி, இலையடியில் செஞ்சிலந்தி, தண்டில் ஒட்டியிருக்கும் செதில்பூச்சி எல்லாம் தெரிந்துவிடும்.

இனி உயிரினங்கள். எரு மண்புழு வாங்கும்போது எடை புழுவுக்கா, கூடவே வரும் படுக்கைக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். வந்ததும் ஈரப் படுக்கையின் மேல் கொட்டுங்கள். பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வடியும் ஈரம் போதும். அவை தாமாக உள்ளே இறங்கும். முதல் இரண்டு இரவு மேலே ஒரு விளக்கை எரியவிட்டால் வெளிச்சத்துக்குப் பயந்து வெளியே ஊர்ந்து போகாமல் இருக்கும். இரண்டு மூன்று நாள் தீனி போடாமல், பிறகு ஒரு கைப்பிடி. அது தீர்ந்த பிறகுதான் அடுத்தது. இவை மட்கும் குப்பையில் வாழ்பவை. வெறும் தொட்டி மண்ணில் விட்டுவிட்டு, காணவில்லை என்று அனுப்பியவரிடம் சண்டை போடுவது நியாயமில்லை.

பொறிவண்டு வாங்கினால் புழுப்பருவத்தில் வாங்குங்கள். வண்டுக்கு இறக்கை உண்டு, இரை இருந்தாலும் பறந்துபோகும். கறுப்பும் ஆரஞ்சுமாக, முள்முள்ளாக இருக்கும் அந்தப் புழுவைப் பார்த்துத் தீமை செய்யும் பூச்சி என்று நசுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் அடையாளம் காட்டி வையுங்கள். விடும் முன் எறும்பைத் தடுக்க வேண்டும். பொறிவண்டின் இரை அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி. அசுவினி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காத்து, பொறிவண்டை விரட்டிவிடும். அசுவினியைத் தின்னும் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுக்கள் ஒன்றையொன்றும் தின்பவை. அதனால்தான் உமியில் கலந்து அனுப்புகிறார்கள். டப்பாவில் பாதி உமி என்று குறை சொல்லக் கூடாது, வந்த அன்றே செடிகளில் பரவலாகத் தூவிவிட வேண்டும்.

டிரைக்கோகிரம்மா என்பது மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி; அது உள்ளே வளரும் முட்டைகளை அட்டையில் ஒட்டி விற்கிறார்கள். அந்த அட்டையில் குளவி வெளிவரும் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குளவி அந்துப்பூச்சியின் முட்டையை மட்டுமே தாக்கும். காய்க்குள் புழு நுழைந்த பிறகு அட்டை கட்டிப் பயனில்லை. அட்டையை மாலையில், இலையின் அடிப்பக்கம், எறும்பு ஏறாதபடி கட்டுங்கள்.

பூச்சிகளை அழிக்கும் நூற்புழுப் பொட்டலம்தான் வெயிலில் சீக்கிரம் கெடுவது. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து, ஒரு சொட்டைக் கறுப்புத் தட்டில் விட்டுப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். நெளிந்தால் நல்லது. சில வகைகள் நுனி வளைந்த தூண்டில் முள் வடிவில் அசையாமல் இருக்கும், அவையும் உயிருள்ளவையே. ஊசி போல விறைத்து நேராகக் கிடந்தால் செத்தவை. தெளிப்பானின் மெல்லிய வடிகட்டியைக் கழற்றிவிட்டு, அடிக்கடி கலக்கிக்கொண்டே, மாலையில் ஈர மண்ணில் ஊற்ற வேண்டும். இரண்டு வாரம் மண் காயக் கூடாது.

நாடு விட்டு நாடு வாங்குவதாக இருந்தால் விதையானாலும் தாவர நலச் சான்றும் இறக்குமதி அனுமதியும் வேண்டுமா என்று முன்பே விசாரியுங்கள். 1860களில் வட அமெரிக்கத் திராட்சைக் கொடிகளோடு வந்த ஒரு சின்னஞ்சிறு பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியது. நீர்ச்செடி வந்த தண்ணீரையும் மிஞ்சிய செடியையும் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டவே கூடாது. தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காக எடுத்துச் செல்லப்பட்ட, வெங்காயத்தாமரை என்றும் சொல்லப்படும் ஆகாயத்தாமரை எத்தனை நாட்டு நீர்நிலைகளை மூடிக் கிடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். செடி, மண்புழு, நன்மை செய்யும் பூச்சி விற்பவர்களின் விளம்பரங்களை வெளியிடும்போது, அனுப்பும் கிழமை, வேரின் நிலை, செடியின் வயது அல்லது உயரம், பழுதாக வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற நான்கு விவரங்களையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். நேர்மையாக வளர்த்து அனுப்புகிற சிறியவர்களுக்கு இதனால் ஒரு இழப்பும் இல்லை, வாங்குகிறவர்களும் பெட்டி வரும் நாளில் வீட்டில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்