கியர்பாக்ஸ் கூலர் பைப்பில் எண்ணெய்க் கசிவு: நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் முன் ஒரு புகார்

அனுப்புநர்:
லுங்கி மொத்த வியாபாரி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: ஆட்டோமேட்டிக் காரின் கூலர் பைப்பில் எண்ணெய் கசிவதும், வேலூர் சர்வீஸ் சென்டர் அதைச் சரிசெய்யாமல் அலைக்கழிப்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். பதிவுச் சான்று, ஜாப் கார்டுகள் (சர்வீஸ் சென்டர் தரும் வேலைச் சீட்டுகள்), பில்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். கஸ்டமர் கேரில் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் போனை எடுத்து, என்ன வண்டி, என்ன பிரச்சினை என்று முதலிலிருந்து கேட்கிறார். இந்தக் கடிதத்திலும் அந்தப் பாட்டைப் பாட எனக்குத் தெம்பு இல்லை. வண்டி நீங்கள் செய்தது. எண்ணெயைக் குளிரவைக்கக் கியர்பாக்ஸிலிருந்து ரேடியேட்டருக்குப் போய்த் திரும்பும் இரண்டு பைப்புகளில், இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேரும் இடத்தில் பூண் போட்டு நசுக்கி இறுக்கியிருக்கிறீர்களே, அந்த இடம்தான் கசிகிறது. டிரைவர் பக்கத்துப் பைப். எந்த இடம் என்று இதற்கு மேல் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதைக் கண்டுபிடித்தது உங்கள் சர்வீஸ் சென்டர் அல்ல. எங்கள் ஊர் நெல்லூர்பேட்டையில் தகரக் கொட்டகையில் வேலை செய்யும் மெக்கானிக். அவரிடம் லிஃப்ட் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. பள்ளத்தில் இறங்கி, பைப்புகளையும் கியர்பாக்ஸின் அடிப்பக்கத்தையும் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்துக் காயவிட்டார். பெட்டிக்கடையில் ஒரு முகப்பவுடர் டப்பா வாங்கிவரச் சொன்னார். பைப் முழுக்கப் பவுடரைத் தூவிவிட்டு என்ஜினை ஓடவிட்டார். சிறிது நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பூணின் ஓரத்தில் ஊசிமுனை அளவு சிவப்பு தெரிந்தது. அது பவுடரை நனைத்துக்கொண்டே கோடாகக் கீழே இறங்கியது. சூடேற ஏறச் சொட்டு வேகமானது. என்ஜினை நிறுத்தியதும் நின்றுவிட்டது. என்ஜின் ஓடினால்தான் பம்ப் எண்ணெயைத் தள்ளும், அப்போதுதான் பைப்பில் அழுத்தம் இருக்கும், இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் காய்ந்துதான் கிடக்கும் என்றார். உங்கள் ஆட்கள் செய்தது அதைத்தான். "கசிவு இல்லை" என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இனி அந்த சர்வீஸ் அட்வைசர். பெயரை நான் எழுதவில்லை, ஜாப் கார்டில் இருக்கிறது. என்ஜின் ஓட வண்டி நிற்கும்போது கீழே சொட்டுகிறது என்று சொன்னேன். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அது ஏசி தண்ணீர்" என்றார். கசிவுக்குக் கீழே போட்டு வைத்திருந்த வெள்ளைத் துணியை மேஜைமேல் விரித்துக் காட்டினேன். நடுவில் சிவப்பு, அதைச் சுற்றி ரோஸ், வெளியே எண்ணெய் ஊறிய வளையம். நான் பிறந்ததிலிருந்து சாயத்தோடும் துணியோடும் வாழ்கிறவன். தண்ணீர்க் கறை எது, எண்ணெய்க் கறை எது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஏசி தண்ணீர் எந்த ஊரில் சிவப்பாக வருகிறது? இதைக் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "குடியாத்தத்துக்கு எதற்கு சார் ஆட்டோமேட்டிக்? சாதா கியர் வண்டி வாங்கியிருக்கலாமே." பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். முன்பணம் வாங்கும்போது குடியாத்தம் உங்களுக்கு உறுத்தவில்லை. மீதிப் பணம் வாங்கும்போதும் உறுத்தவில்லை.

மன்னிக்கவும். தங்கள் நிறுவனத்தின் மீது இன்னும் மதிப்பு இருப்பதால்தான் வக்கீலுக்கு எழுதாமல் தங்களுக்கு எழுதுகிறேன்.

இதற்கெல்லாம் முன்பு நடந்தது கேஸ்கெட் விவகாரம். கியர்பாக்ஸின் அடிப்பக்கம் நனைந்திருந்ததாம், ஆகவே ஆயில் பேன் கேஸ்கெட், அதாவது அடியிலுள்ள எண்ணெய்த் தட்டு கசியாமல் இருக்க வைக்கும் அடைப்பு, போய்விட்டதாம். வாரண்டியில் வராது என்று பில் போட்டு மாற்றினார்கள். முன்னால் கசியும் எண்ணெயை ஓட்டத்தில் காற்று பின்னால் கொண்டுபோய்ப் பூசும் என்பது உங்கள் பயிற்சி வகுப்பில் இல்லையா? நனைந்த இடம் ஒன்று, கசிந்த இடம் வேறு. நல்ல கேஸ்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அதற்கு என்னிடம் காசும் வாங்கியிருக்கிறீர்கள்.

பெரிய கொடுமை, பைப் வந்துவிட்டது என்று நீங்களே போன் செய்து வரச் சொன்ன நாள். சித்தூர்க் கடைக்காரரிடம் கணக்கு முடிக்க வேண்டிய நாள் அது. அவரைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டு, பள்ளிகொண்டா வழியாக வேலூர் வந்தேன். வெயில் எப்படி என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தவனை மாலையில் கூப்பிட்டார்கள். வந்திருப்பது டீசல் வண்டியின் பைப், உங்களுடையது பெட்ரோல், பொருந்தாது என்றார்கள். இதைப் பெட்டியைப் பிரித்த உடனே சொல்ல முடியாதா? அதற்குள் வண்டிக்கு வாட்டர் வாஷ் செய்து, அடிப்பக்கத்தையும் பளபளவென்று கழுவி, இருந்த தடயத்தையும் அழித்துவிட்டார்கள். அந்த வாஷுக்கும் பில். பல்வலிக்காரனுக்கு முகச்சவரம் செய்து அனுப்பியது போல இருந்தது. சித்தூர் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விட்டது. என் தகப்பனார் காலத்திலிருந்து வந்த வியாபாரம், உங்கள் ஒரு பைப்பால் படுத்துவிட்டது.

திரும்பும்போது பள்ளிகொண்டா டோல்கேட்டில் கட்டணம் கழிந்து தடுப்புக் கட்டை தூக்கியது. ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறேன், என்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் லாரிகளின் ஹாரன். சில நொடி கழித்துத் தூக்கிப் போட்டாற்போல் பாய்ந்தது. எண்ணெய் குறைந்தால் உள்ளே கிளட்ச் பிடிக்காமல் வழுக்கும், வழுக்கினால் சூடாகும், அந்தச் சூட்டில் மிச்ச எண்ணெயும் கருகும். கியர்பாக்ஸே போய்விட்டால் யார் பொறுப்பு? நானாவது அளவு பார்த்துக்கொள்ளலாம் என்றால் இந்த வண்டிக்கு நீங்கள் அளவுக்குச்சியே வைக்கவில்லை.

கடைசியாக உங்கள் ஆட்கள் செய்த வைத்தியம், பூணை அறுத்து எடுத்துவிட்டு ஒரு துண்டு ஹோஸைச் சொருகி இரண்டு கிளாம்ப் போட்டு முறுக்கியது. அந்த ஹோஸ் ரேடியேட்டர் தண்ணீருக்கானது. சூடான கியர்பாக்ஸ் எண்ணெயில் அது ஊதி, மெத்தென்று ஆகி, கிளாம்ப் தளர்ந்து, மறுபடியும் சொட்டுகிறது. சாலையோர அவசரத்துக்கு யாராவது இதைச் செய்தால் கும்பிடுவேன். கம்பெனி சர்வீஸ் சென்டர் செய்யலாமா?

எனக்கு வேண்டியது இதுதான். போகும் பைப், வரும் பைப் இரண்டையும் ஹோஸோடு சேர்த்து முழுதாகப் புதிதாக மாற்ற வேண்டும். ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமும் செம்பு வாஷரும் புதிதாகப் போட வேண்டும். ஒருமுறை நசுங்கிய வாஷரைத் துடைத்துத் திரும்பப் போடும் வேலை வேண்டாம். கையேட்டில் சொன்ன அதே எண்ணெயை ஊற்றி, என்ஜின் ஓடும்போது, சொன்ன சூட்டில் அளவு பார்த்து, என்னையும் உட்காரவைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். எண்ணெய் குறைவாக ஓடியதால் கியர்பாக்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதித் தருவதோடு, அதற்கு வாரண்டியையும் நீட்டித்துத் தர வேண்டும். கேஸ்கெட், வாஷ் பணம் திரும்ப வேண்டும். அந்த அட்வைசர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்தக் கடைசியை மட்டும் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்துவிட்டு, வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். உங்கள் தலைமை அலுவலகம்தான் இங்கே வர வேண்டும். வணிக வாகனம் என்று அங்கே வாதாட வேண்டாம், இது வீட்டு உபயோகத்துக்குப் பதிவான வெள்ளை நம்பர் பலகை வண்டி. மன உளைச்சலுக்கு 5 லட்சம் கேட்பேன். அதற்கெல்லாம் இடம் வைக்காமல் தாங்கள் தலையிட்டுச் சரிசெய்வீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
குடியாத்தம்.

பி.கு.: வண்டியை இனி நான் ஓட்டிக்கொண்டு வரமாட்டேன், நீங்கள்தான் எடுத்துப் போக வேண்டும். முன்சக்கரங்கள் தரையில் உருளக் கட்டி இழுத்தால் கியர்பாக்ஸ் கெடும் என்று உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. ஆகவே காரை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் வண்டியை அனுப்புங்கள். கயிற்றோடு யாராவது வந்தால் சாவி தரமாட்டேன்.