தறி நின்ற கூலியும் பழுதுச் செலவுதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பக்கத்து மனையில் நடக்கும் கட்டட வேலையால் எங்கள் வீட்டில் விழுந்த விரிசல்களுக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருந்தோம். மனைக்காரர் பூச்சு, பெயின்ட், தரை மூன்றுக்கும் பேரம் பேசினார். பழுது பார்க்கும் நாட்களில் நெய்ய முடியாமல் போகும் வருமானத்துக்காக நாங்கள் எழுதிய 'தறி நின்ற கூலி' என்ற வரியை மட்டும் பேனாவால் அடித்துவிட்டார். "அதெல்லாம் வீட்டு ரிப்பேர்ல வராதுங்க" என்றார். வரும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அம்மாப்பேட்டையில் எங்களுடையது மாமனார் காலத்து வீடு. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய செங்கல் சுவர், மேலே மர உத்தரத்தில் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ், கீழே ரெட் ஆக்சைடு தரை. முன் அறையில் தரையில் குழி வெட்டிக் குழித்தறி போட்டு வெண்பட்டு வேட்டி நெய்கிறோம். பக்கத்தில் இருந்த ஓட்டு வீட்டை இடித்து, தரைக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்தோடு மாடிக் கட்டடம் எழும்புகிறது. தோண்டும்போது பாறை தட்டுவது சேலத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. பொக்லைனில் பிரேக்கர் மாட்டி உடைத்தார்கள். எங்கள் சுவரை ஒட்டியே, ஒரு தடுப்பும் கொடுக்காமல் மண்ணை எடுத்தார்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஐந்தடி நீளத்துக்கு விரிசல் ஓடிவிட்டது. தரையும் தறிக்குழி ஓரத்தில் பிளந்துவிட்டது.

மனைக்காரர் அனுப்பிய கொத்தனார் விரிசலின் இருபுறமும் அரையடி கொத்திப் பூசினால் போதும் என்றார். அவர் கணக்கில் வேலை ஐந்து சதுர அடிதான். பெயின்டரைக் கேட்டால், பூசிய இடத்தில் மட்டும் அடித்தால் பழைய சுவரில் அது திட்டாகத் தெரியும், அறை முழுவதும் அடித்தால்தான் நிறம் சேரும் என்கிறார். அறை 16-க்கு 12, உயரம் 10 அடி. கதவு ஜன்னல் கழிக்காமல் நான்கு சுவரும் 560 சதுர அடி, மேல்தளம் 192. ஐந்துக்கும் 752-க்கும் நடுவில்தான் எல்லாப் பேரமும். ரெட் ஆக்சைடு தரையில் ஒட்டுப்போட்டு நிறம் சேர்ப்பது அதைவிடக் கஷ்டம்.

சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசக் கூடாது என்பது இன்னொரு தொல்லை. சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல், பூச்சு பொருக்கு விட்டுக் கழன்றுவிடும். சுண்ணாம்பு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டுப் பூசத் தெரிந்த ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும், கூலியும் அதிகம். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டதே, செலவு குறையுமே என்று மனைக்காரர் சொல்லிப் பார்த்தார். புது வீடு கட்டுபவருக்குக் குறையலாம். பழுது பார்ப்பதில் பணம் போவது ஆள்கூலிக்கு.

இப்போது தறிக்கு வருகிறேன். தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், இருக்கும்போது அந்த அறையில் சுவரைக் கொத்த முடியாது. வெண்பட்டில் தூசி படிந்தால் அழுக்கு வேட்டி. நெய்யக் கொடுத்தவர்கள் கூலியில் பிடிப்பார்கள் அல்லது திருப்பி விடுவார்கள். ஆகவே பாவு நெய்து முடியும்வரை காத்திருந்து, அடுத்த பாவு பிணைக்காமல், தறியைக் கழற்றி வேறு இடத்தில் வைக்க வேண்டும். பிறகு கொத்தி, பூசி, ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஈரம் காக்க வேண்டும். பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகுதான் பெயின்ட் ஏற வேண்டும். சுண்ணாம்பு சிமென்ட்டைப் போல அவசரமாகக் காய்வதில்லை. அதற்குப் பிறகு தறியைப் பூட்டி மட்டம் பார்க்க வேண்டும். மட்டம் தவறினால் கரை நேராக வராது. இத்தனை நாளும் என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் வருமானம் கிடையாது. மாதச் சம்பளக்காரர் வீட்டில் பெயின்ட் அடித்தால் சம்பளம் நிற்காது. அந்த வித்தியாசம் மனைக்காரருக்குப் புரியவில்லை என்று நான் நம்பவில்லை.

வீட்டுக்குக் காப்பீடு எடுத்திருந்தால் கிடைத்திருக்கும் என்று சிலர் சொன்னார்கள். காப்பீட்டுத் துறையில் இருக்கும் என் அண்ணன் மகன் பாலிசி விதிகளை எடுத்துக் காட்டினான். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா நிறுவனங்களும் தரும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் நிலம் தாழ்வதற்கு இழப்பீடு உண்டு. ஆனால் கட்டுமானத்தாலோ மண் தோண்டுவதாலோ தாழ்ந்தால் கிடையாது என்று விலக்கு எழுதியிருக்கிறது. கட்டுபவர் எடுக்கும் பாலிசியிலும், அதிர்வாலும், தாங்கி நிற்கும் மண் போவதாலும் அடுத்தவர் வீட்டுக்கு வரும் சேதத்தைத் தனியாகக் கேட்டுச் சேர்த்தால்தான் உண்டாம். எந்தக் கட்டுபவர் கேட்டுச் சேர்க்கிறார்? ஆனால் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் எங்களைப் போன்ற பழைய வீடுகளுக்கு ஒரு பிடி கொடுக்கிறது. பக்கத்து நிலத்தின் தாங்கலில் இருபது வருடம் தடையில்லாமல் நின்ற கட்டடத்துக்கு அந்தத் தாங்கலை உரிமையாகக் கேட்க முடியும். எங்கள் வீட்டு வயது அதைவிட எவ்வளவோ கூட. கோர்ட்டுக்குப் போக எங்களுக்கு ஆசையில்லை. ஆனால் பேச உட்காரும்போது இது தெரிந்திருப்பது நல்லது.

பணத்தைச் சீக்கிரம் வாங்கி முடித்துக்கொள்ளுங்கள் என்று உறவுக்காரர்கள் அவசரப்படுத்துகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பக்கத்தில் இன்னும் மாடி ஏற வேண்டியிருக்கிறது. பாரம் ஏற ஏற மண் அழுந்தும். விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதியிருக்கிறோம். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஒரு ஐப்பசி மழை தாண்டியும் அது உடையாமல் இருந்தால் பூசலாம். அதற்கு முன் பூசினால் இரண்டாம் முறை செலவு எங்கள் தலையில்தான்.

மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோள். சுவரை ஒட்டிப் பள்ளம் தோண்ட அனுமதி கொடுக்கும்போதே, பக்கத்து வீடுகளை உள்ளும் புறமும் படம் எடுத்து, இருக்கிற விரிசலை அளந்து எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். இல்லையென்றால் "இது பழைய விரிசல்" என்ற பேச்சுக்குப் பதில் சொல்ல முடிவதில்லை. கட்டுபவரிடம் ஒரு வைப்புத் தொகையும் வாங்கி, கட்டடம் முடிந்து ஒரு மழைக்காலம் கழித்துத் திருப்பிக் கொடுக்கட்டும். அதில் கழிக்கும் கணக்கில் தறி, தையல் மிஷின், கொலுசுப் பட்டறை என வீட்டுக்குள் நடக்கும் தொழிலின் நின்ற கூலிக்கும் ஒரு வரி இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு நெசவாளி,
அம்மாப்பேட்டை, சேலம்.