மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி: அறுபதைக் கடந்தவர்களிடம் மாத்திரைச் சீட்டையும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில் கென்யா செல்வோருக்கான குறிப்புகளில், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பத்து நாள் முன்னதாகப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். முப்பது வயதுக்காரருக்கு அந்த வரி போதும். பிள்ளைகளைப் பார்க்க நைரோபிக்கும் உகாண்டாவின் கம்பாலாவுக்கும் புறப்படும் என் வயதுக்காரர்களுக்குப் போதாது.

எனக்கு 68 வயது, மனைவிக்கு 65. சென்ற ஆண்டு நைரோபியிலுள்ள மகனிடம் செல்வதற்காக இருவரும் தடுப்பூசி மையத்துக்குச் சென்றோம். ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருக்கும், கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும் என்பதால் ஆட்களைச் சேர்த்து வைத்துத்தான் போடுகிறார்கள். அதனால் கூட்டமும் அவசரமும் இருந்தன. கடவுச்சீட்டு எண்ணை மூன்று முறை சரிபார்த்தார்கள், முட்டை ஒவ்வாமை உண்டா என்று கேட்டார்கள், ஆனால் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடியை எடுக்க மனைவி கைப்பையைத் திறந்தபோது ஒரு மாத்திரை அட்டை கீழே விழுந்தது. அதை எடுத்துக் கொடுத்த செவிலியர், "அம்மா, இது மூட்டுக்கு வாரம் ஒரு தடவை போடுறதா?" என்று கேட்டார். முடக்குவாதத்துக்கான, உடலின் நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரை அது. அவர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு மருத்துவரை அழைத்து வந்தார். அன்று என் மனைவிக்கு ஊசி போடப்படவில்லை.

இந்தத் தடுப்பூசி, ஹஜ் பயணிகளுக்குப் போடப்படும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போன்றதன்று. 1930களில் மாக்ஸ் தைலர் உருவாக்கிய 17டி என்னும், வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் இதில் இருக்கிறது. பெரும்பாலோருக்குத் தலைவலி, உடல்வலி, இலேசான காய்ச்சல் என்று சில நாளில் தீர்ந்துவிடும். மிக அரிதாகச் சிலருக்கு அந்த வைரஸ் உடலில் பெருகிக் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது, அல்லது மூளையையும் நரம்புகளையும் பாதிக்கிறது. அமெரிக்கப் பதிவுகளின்படி கடுமையான பக்கவிளைவுகள் ஒரு இலட்சம் ஊசிக்கு ஏறத்தாழ 3.8, அறுபதைக் கடந்தவர்களிடம் 7.7. சிறிய எண்தான், ஆனால் இரு மடங்கு. இத்தகைய பாதிப்புகள் பெரும்பாலும் முதல் முறை போட்டுக்கொள்பவர்களிடமே காணப்பட்டுள்ளன. 2019 ஜனவரியில் இலண்டனின் புகழ்பெற்ற புற்றுநோய் மருத்துவர் மார்ட்டின் கோர், இந்த ஊசி போட்டுக்கொண்டபின் தமது 67ஆம் வயதில் இறந்தார். அந்த ஆண்டின் இறுதியில், தவிர்க்க முடியாத, கணிசமான நோய் அபாயம் இருந்தாலன்றி அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இதைப் போட வேண்டாம் என்று பிரிட்டன் தன் அறிவுரையைக் கடுமையாக்கியது. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்னும் சுரப்பியில் நோய் உள்ளவர்களுக்கும், அச்சுரப்பி அகற்றப்பட்டவர்களுக்கும் அறவே கூடாது.

இதைப் படித்துவிட்டு ஊசியே வேண்டாம் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. மஞ்சள் காய்ச்சலுக்கென்று மருந்து கிடையாது, நோய் முற்றியவர்களில் பாதிப் பேர் வரை இறக்கிறார்கள், அதிலும் முதியவர்கள் எளிதில் தப்புவதில்லை. மேற்கு ஆப்பிரிக்கக் காட்டோரங்களுக்குச் செல்பவர் என்றால் மருத்துவரே போட்டுக்கொள்ளச் சொல்லக்கூடும். ஆனால் நைரோபி நகரை விட்டு வெளியே போகாதவருக்கு இந்த ஊசி பொதுவாகத் தேவையில்லை என்பதே உலகச் சுகாதார அமைப்பின் நிலை. அப்படியானால் எங்களைப் போன்றோர் எதற்காக வரிசையில் நிற்கிறோம்? திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்தில் காட்ட வேண்டிய மஞ்சள் அட்டைக்காக, அதாவது ஊசி போட்டதற்கான சான்றுக்காக. அது இல்லாமல் வருபவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவே மஞ்சள் காய்ச்சலையும் பரப்பக்கூடியது, அது நம் ஊர்களில் மலிந்திருப்பதால் அரசின் அச்சம் நியாயமானதே. அதே வேளையில், முதியவர் ஒருவர் நோய்க்காக அல்லாமல் முத்திரைக்காக ஊசி போட்டுக்கொள்கிறார் என்பதை அவரிடம் யாராவது சொல்ல வேண்டாமா?

உடல்நிலை காரணமாக ஊசி கூடாதவர்களுக்கு மருத்துவர் காரணத்தை எழுதிக் கொடுக்க, சர்வதேசச் சுகாதார விதிகளில் இடமிருக்கிறது. அதைக் கொண்டு தனிமைப்படுத்தலிலிருந்து நிச்சயம் தப்பிவிடலாம் என்று எண்ணிவிட முடியாது. ஆயினும் அப்படி ஒரு வழி இருப்பதையே மையத்தில் எவரும் எங்களிடம் சொல்லவில்லை. இன்னொன்று: பத்தாண்டு கழிந்தால் சான்று காலாவதியாகும் என்ற பழைய விதி 2016 ஜூலை 11 முதல் இல்லை. ஒரு முறை போட்டால் வாழ்நாள் முழுவதும் செல்லும். இருபது ஆண்டுக்கு முன் ஆப்பிரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் பீரோவைத் துழாவி அந்தப் பழைய மஞ்சள் புத்தகத்தைத் தேடுவது நல்லது.

நான் போட்டுக்கொண்டேன். ஐந்தாம் நாள் மாலை உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது, காய்ச்சல் நூறைத் தாண்டியது. எதைக் கவனிக்க வேண்டும், எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று அச்சிட்ட துண்டுச்சீட்டு ஒன்றாவது மையத்தில் கொடுத்திருந்தால் அந்த இரவை நாங்கள் தூங்காமல் கழித்திருக்க வேண்டியதில்லை. மறுநாள் தணிந்துவிட்டது.

அறுபதைக் கடந்த பயணிகள், தாங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டோடு முதலில் குடும்ப மருத்துவரைப் பார்த்துவிட்டு மையத்துக்குச் செல்லும்படி தங்கள் சுற்றுலாப் பக்கத்தில் ஒரு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் மனைவி பயணச்சீட்டை இரத்து செய்துவிட்டார். டிசம்பர் விடுமுறையில் மகன்தான் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போனான்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்.