போன முறை பேஸ் எங்கே போனது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன முறை நாங்கள் நடத்திய டிரம் அண்ட் பேஸ் (வேகமான டிரம்ஸும் கனத்த பேஸும் சேர்ந்த நடன இசை) இரவுக்கு வந்தவர்களில் பலர் மனக்குறையோடு எழுதியிருந்தீர்கள். அரங்கின் நடுவில் நின்றவர்களுக்கு நெஞ்சே அதிர்ந்தது, சுவரோரம் நின்றவர்களுக்கோ பேஸ் என்னும் அடிமட்ட ஒலி கேட்கவே இல்லை. காலால் அடிக்கும் கிக் டிரம்மும் பேஸும் ஒன்றுக்குள் ஒன்று குழம்பின. மைக்கைப் பிடித்துக் கூட்டத்தை உற்சாகப்படுத்தும் எம்சி பாடியதில் ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. குறை மேடையில் வாசித்தவர்களிடம் இல்லை, ஒலியமைப்பைப் பார்த்துக்கொண்ட எங்களிடம்தான்.

போன முறைக்கு முன்புவரை எங்கள் மேடையில் டிஜேக்கள் மட்டுமே இருந்தார்கள். அவர்கள் போடுவது முடித்துக் கொடுத்த இசை. கிக்குக்கு எவ்வளவு இடம், பேஸுக்கு எவ்வளவு இடம் என்று ஸ்டூடியோவிலேயே பிரித்து வைத்திருப்பார்கள். டிரம்மர், சிந்தசைசர், பேஸ் கிட்டார், எம்சி என்று ஒரு குழு நேரடியாக வாசிக்கும்போது அந்தப் பங்கீட்டை அந்த நொடியில் மிக்ஸரில் (ஒலிகளைக் கலக்கும் கருவியில்) செய்தாக வேண்டும். டிஜேக்காகப் போட்ட அமைப்பிலேயே குழுக்களையும் வாசிக்கச் சொன்னதுதான் நாங்கள் செய்த முதல் பிழை.

பேஸ் காணாமல் போன கதை இதுதான். சப்வூஃபர்களை, அதாவது பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்களை, மேடையின் இடமும் வலமுமாக இரண்டு அடுக்காக வைத்திருந்தோம். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ 7 மீட்டர் நீளம். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து ஓர் அடுக்கு மற்றதைவிட மூன்றரை மீட்டர் தள்ளி இருந்தால், ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் சேர்ந்து வந்து ஒலி அடங்கிவிடும். நட்டநடுவில் நிற்பவருக்கு மட்டும் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து ஒலி கூடும். பாப் பாட்டு என்றால் இதை அவ்வளவாக யாரும் உணர மாட்டார்கள். பாட்டின் பாதி உயிர் அந்த அடிமட்டத்தில் இருக்கும் இந்த இசையில் அது மன்னிக்க முடியாத குறை. இனி எல்லா சப்களும் மேடைக்கு முன்னால், நடுவில், ஒரே வரிசையாக இருக்கும். காலி அரங்கில் வாசிக்கவிட்டு, சுவரோரமும் பின்மூலையிலும் நாங்களே நின்று கேட்டோம். வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

டிரம்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நேரடி வாசிப்பைக் கொண்டுவர வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடித்ததே அதற்காகத்தான். 1969-இல் வின்ஸ்டன்ஸ் குழுவின் பாட்டு ஒன்றில் டிரம்மர் கிரெகரி கோல்மன் தனியாக வாசித்தது நான்கே ஆவர்த்தனம், சுமார் ஏழு வினாடி. 1990-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் இளைஞர்கள் அதைச் சாம்ப்ளரில் (ஒலித்துண்டைப் பதிந்து மீண்டும் ஒலிக்கவிடும் கருவியில்) ஏற்றி, துண்டு துண்டாக வெட்டி, வேகம் கூட்டி ஜங்கிள் இசையை உருவாக்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் டிரம் அண்ட் பேஸ். அந்த ஏழு வினாடிக்கு உரிமைத்தொகை எதுவும் பெறாமலேயே கோல்மன் 2006-இல் இறந்துபோனார். எங்களை இன்றும் உறுத்தும் செய்தி இது. அதனால்தான் எங்கள் சுவரொட்டியில் டிஜே பெயருக்குச் சமமான எழுத்தில் டிரம்மர் பெயரும் வருகிறது.

இயந்திரத்தில் பிறந்த அந்த வேகத்தை மனிதக் கை எட்டுவது எளிதல்ல. நிமிடத்துக்கு 174 அடி என்றால், ஒவ்வொரு அடியையும் நான்காகப் பிரித்து வாசிக்கும்போது நொடிக்கு பதினொன்றுக்கும் மேல். சாம்ப்ளரில் வேகம் கூட்டியபோது சுருதியும் ஏறியதால், அந்த ஒலியைக் கொண்டுவர ஸ்னேர் டிரம்மை இறுக்கி மேல் சுருதியில் வைக்கிறார்கள். நாங்களோ டிரம்ஸைச் சுற்றி மைக்குகளை நெருக்கமாக வைத்து எல்லாவற்றையும் திறந்துவிட்டோம். சப்பின் அதிர்வு அவற்றுக்குள் புகுந்து திரும்பவும் ஸ்பீக்கர் வழியே வந்தது. குழப்பம் அங்கே பிறந்தது. இப்போது மைக்குகளைக் குறைத்திருக்கிறோம், கிக் தவிர மற்றவற்றில் அடிமட்ட ஒலியை வெட்டிவிடுகிறோம், ஒவ்வொரு கிக் விழும்போதும் பேஸ் ஒரு கணம் தாழ்ந்து வழிவிடும். கலைஞர்கள் தங்கள் வாசிப்பைக் கேட்க மேடைத் தரையிலிருந்த மானிட்டர் ஸ்பீக்கர்களுக்குப் பதில், எல்லோரும் இயர்போனைக் காதுக்குள் வைத்துக் கேட்பார்கள். எம்சியின் குரல் தெளிய அதுவே பெரிய உதவி. 1997-இல் மெர்க்குரி பரிசு பெற்ற ரோனி சைஸின் ரெப்ரசென்ட் குழு டிரம்மரோடும் டபுள் பேஸோடும் மேடையேறியது. முறையாகச் செய்தால் இது நடக்கும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

இதற்கெல்லாம் சவுண்ட் செக்குக்கு நேரம் வேண்டும். ஆகவே கதவு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் தாமதமாகத் திறக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் குழுக்களுக்கும் மேடையில் ஒரே டிரம் செட்தான். ஸ்னேரும் சிம்பலும் மட்டும் அவரவருடையது. மாற்றும் இடைவெளியில் டிஜே வாசிப்பார், அரங்கு அமைதியாகாது.

ரீவைண்ட் (கூட்டம் ஆரவாரித்தால் பாட்டை நிறுத்தி முதலிலிருந்து போடுவது) ஏன் இல்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம் மரபிலிருந்து வந்த அழகான வழக்கம் அது. இசைத்தட்டைத் திருப்புவதுபோல் குழுவைத் திருப்ப முடியாதுதான். ஆனால் எம்சி கை காட்டினால் சட்டென்று நிறுத்தி முதலிலிருந்து எடுக்கக் குழுக்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் ஆரவாரம் செய்தால் போதும்.

ஒலியளவு பற்றி ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வோம். மிக்ஸருக்குப் பக்கத்தில் அளவுமானி இருக்கும், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். வாசலில் இயர்பிளக் இலவசம். தயவுசெய்து எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் போட்டாலும் பேஸை உடம்பு உணரும். சப் வரிசைக்கு முன்னால் தடுப்பு போட்டிருக்கிறோம், அதன்மேல் சாய வேண்டாம்.

போன முறை வந்த அனைவரும் அந்த டிக்கெட்டையே காட்டி இந்த முறை உள்ளே வரலாம். டிக்கெட் தொலைந்துவிட்டால், பதிவு செய்த பெயரை வாசலில் சொன்னால் போதும்.

அன்புடன்,
நிகழ்ச்சி ஏற்பாட்டுக் குழுவினர்