திரையில் இருந்த மலை

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். நீ பென் டிரைவில் கொடுத்தனுப்பிய வால்பாறைப் படங்களில் பத்தைப் பொறுக்கி பிரிண்ட் போட்டு வந்தேன். காகிதத்தில் பார்த்தால்தான் எனக்குப் படம் பார்த்த மாதிரி இருக்கும். பத்தையும் கூடத்தில் பரப்பிவைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

"இந்தக் கேமராவுக்கு இவ்வளவுதான் வரும், 60,000 ரூபாய்க்கு வேறு வாங்கப்போகிறேன்" என்றாயே, கொஞ்சம் பொறு. குறையில் பாதி கேமராவுடையது. மீதிப் பாதி உன்னுடையது. அது புதுக் கேமராவிலும் கூடவே வரும்.

மலையைப் பற்றி அம்மாவுக்கு என்ன தெரியும் என்று சிரிப்பாய். கும்பகோணத்தில் பிறந்த நான் பார்த்த முதல் மலை, நம் ஸ்டூடியோவின் பின்திரையில் வரைந்திருந்த மலைதான். அதன் முன்னால் நின்றவர்களின் பருக்களையும் தழும்புகளையும் நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்தே என் கண் போனது. அந்த மலைக்கு மட்டும் ஒரு நாளும் டச்சிங் தேவைப்படவில்லை. வரைந்தவர் கெட்டிக்காரர். கீழே படிக்கட்டையும் பூந்தொட்டியையும் அடர்த்தியாகப் போட்டிருந்தார். நடுவில் ஏரி. மலையை வெளிறிய நீலத்தில் பின்னால் தள்ளிவிட்டார். எட்டடித் துணிக்குள் பத்து மைல் தூரம் தெரிந்தது.

உன் படங்களில் அந்தப் பூந்தொட்டி இல்லை. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் நின்று ஆழியாறு அணையை எடுத்திருக்கிறாய். எல்லாமே தூரம், எல்லாமே ஒரே சாம்பல். உச்சி வெயிலில் பஸ் நின்றதும் இறங்கி எடுத்திருப்பாய். மழை விட்ட மறுநாள் காலையில் போ, காற்றில் தூசு அடங்கியிருக்கும். போனதும் கேமராவை எடுக்காதே. முதலில் காலடியில் என்ன இருக்கிறது என்று பார்.

இந்த விஷயத்தில் உன் சின்னக் கேமரா அப்பாவின் பெரிய கேமராவையே தோற்கடிக்கும். முன்னால் இருக்கும் தாமரையும் பின்னால் இருக்கும் கோபுரமும் ஒன்றாகத் தெளிவாக விழ வேண்டுமென்றால் அவர் லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரத்தை 16, 22 என்று இறுக்கி, ஸ்டாண்டில் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உன் கேமராவில் பிலிமுக்குப் பதிலாகப் படம் விழும் சென்சார் சுமார் 6 மில்லிமீட்டர் அகலம்தான்; லென்ஸும் அதற்கேற்றபடி பொடிசு. அதனால் ஜூமை இழுக்காமல் எடுத்தால் ஓரடி, இரண்டடி தள்ளி இருக்கும் பொருளிலிருந்து மலை வரைக்கும் ஏறக்குறைய எல்லாமே தெளிவாக விழும். முழங்காலை மடக்கி உட்கார். தேயிலைக் கொழுந்து மூக்கில் இடிக்கட்டும். பின்னால் சில்வர் ஓக், அதற்கும் பின்னால் மலை. செலவு, வேட்டியில் கொஞ்சம் சேறு.

அடுத்தது வானம். பத்தில் ஏழு படத்தில் வானம் வெள்ளைக் காகிதம். நெகட்டிவ் காலத்தில் இதற்கு வழி இருந்தது. வானம் அடைத்துப் போன நெகட்டிவிலும் மேகம் ஒளிந்திருக்கும். நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜரில் அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் காட்டினால் அப்பாவுக்கு அது எழுந்து வந்துவிடும். உன் கேமராவில் வெளுத்தது வெளுத்ததுதான், உள்ளே ஒன்றும் கிடையாது. இருட்டாக விழுந்த இடத்தையாவது கம்ப்யூட்டரில் கொஞ்சம் தூக்கலாம். ஆகவே பிளஸ், மைனஸ் குறியுள்ள அமைப்பில் மைனஸ் பக்கம் ஒன்றிரண்டு படி இறக்கி எடு. அப்படியும் வானம் நிற்கவில்லை என்றால் அதை ஒரு விரல்கடை மட்டும் வைத்துக்கொள், அல்லது மரக்கிளையால் மூடிவிடு. ஒன்றுமே இல்லாத வானத்துக்கு எதற்குப் பாதிப் படம்?

பனிமூட்டத்தில் இது நேர்மாறு. வெண்மையைக் கண்டால் கேமரா மிரண்டு இருட்டடித்துவிடும், பனி அழுக்குப் பஞ்சு மாதிரி ஆகிவிடும். அன்றைக்கு பிளஸ் பக்கம் போ. (இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறாயா? எதிர்வீட்டுப் பெண்ணிடம் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. இரண்டு நாள் வாங்கிவைத்துக் குடைந்துவிட்டேன்.)

இருவாச்சிப் பறவை என்று எழுதி ஒரு படம் வைத்திருந்தாய். எனக்கு இட்லித் துணியில் ஒட்டிய கறுப்புதான் தெரிந்தது. டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிப் பெரிதாக்குவது, வேறொன்றும் இல்லை. மெனுவில் அதை அணைத்துவிடு. அப்படியே அந்த ஆரஞ்சு நிறத் தேதியையும். தேயிலைக்கு மேல் தேதி முளைப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

சோலையாறு அணைப் படம்தான் எனக்கு மிகவும் பிடித்தது, மிகவும் வருத்தமும் அதில்தான். சாயங்கால வெளிச்சம் அருமை. ஆனால் மரங்களில் இலை இல்லை, பச்சை மாவு இருக்கிறது. வெளிச்சம் குறைந்ததும் கேமரா தானாகவே ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவை, ஏற்றிவிடும். சின்ன சென்சாரில் அப்போது புள்ளி புள்ளியாகக் குப்பை சேரும். அதைத் துடைக்கிறேன் என்று இலையையும் சேர்த்துத் துடைத்துவிடும். ஐஎஸ்ஓவை 100இல் நிறுத்திவிடு. ஷட்டர் மெதுவாகும், கை ஆடும். அதனால் கேமராவை மதகுக் கட்டையில் வைத்து, 2 விநாடி டைமர் போட்டு, கையை எடுத்துவிடு.

மழைக்குப் பிறகு தேயிலை இலை கண்ணாடிபோல் மினுங்கிப் பச்சை செத்துப்போகிறது அல்லவா? அப்பா அதற்கு லென்ஸ் முன்னால் போலரைசர் என்ற மினுக்கம் அடக்கும் கண்ணாடியை மாட்டுவார். உன் கேமராவில் மாட்ட மரை கிடையாது. உன் கூலிங் கிளாஸ் போலரைஸ்டு வகைதானே, அதை லென்ஸுக்கு முன்னால் பிடித்து மெல்லத் திருப்பிப் பார். ஒரு கோணத்தில் மினுக்கம் அடங்கிப் பச்சை திரும்பும்.

கொழுந்து பறிக்கும் பெண்களை முதுகுப் பக்கமாக ஒளிந்து எடுத்திருக்கிறாய். அது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டுவிட்டு எடு. வேண்டாம் என்றால் விட்டுவிடு.

60,000 ரூபாயை மழைக்காலம் முடியும்வரை வங்கியிலேயே வைத்திரு. அதற்குள் பின்திரை மலை மாதிரி ஒன்றே ஒன்று எடுத்து அனுப்பு. கூடத்தில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து வைத்துவிட்டேன்.

இத்துடன் ஒரு துணிப்பை தைத்து அனுப்பியிருக்கிறேன். ஸ்டாண்டுக்குப் பதிலாகப் பாறை மேலும் வேலிக்கல் மேலும் வைத்து அதன்மேல் கேமராவை அழுத்தி உட்கார வை, ஆடாது. உள்ளே இருப்பது காராமணி. சுண்டல் செய்துவிடாதே.

அன்புடன்,
அம்மா