கிளைச் செயலாளரின் ஆண்டறிக்கை: புகார் கொடுத்தவருக்கு வரும் பழிவாங்கல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் தோழர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைக்கிறார். இந்த அறிக்கையின் பெரும்பகுதி ஒரே விஷயத்துக்குத்தான். முறைகேட்டைச் சொன்னதற்காகவும், பாலியல் தொல்லை பற்றிப் புகார் கொடுத்ததற்காகவும் அரசு ஊழியர்கள் பழிவாங்கப்படுவது அது.

பழிவாங்கல் என்று எந்த ஆணையிலும் எழுதமாட்டார்கள். 'நிர்வாக நலன் கருதி' மாறுதல் வரும். பழைய கோப்பைத் தூசி தட்டி 17(ஆ) குறிப்பாணை, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு ஆணை, வரும். இவற்றை உடைப்பது நாள் வரிசைதான்: புகார் என்றைக்குப் போய்ச் சேர்ந்தது, ஆணை என்றைக்குப் பிறந்தது. ஆகவே தபால் பிரிவுக்கு இரண்டு பிரதியோடு போங்கள். ஒன்றில் நாள் முத்திரையும் சுருக்கொப்பமும் வாங்கிய பிறகே மற்றதைக் கையிலிருந்து விடுங்கள். முத்திரையில் தேதி மங்கியிருந்தால் அங்கேயே பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள். வாங்க மறுத்தால் அன்றே ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்புங்கள். வாயால் சொன்ன புகாருக்குத் தேதி கிடையாது.

கோப்பிலிருந்து நகலெடுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்காதீர்கள். முறைகேடு பின்னுக்குப் போய், கோப்பு வெளியே போனதே குற்றச்சாட்டாகிவிடும். அதே தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

மத்திய அரசு, பொதுத்துறை நிறுவன ஊழியர்களுக்கு ஒரு வழி உண்டு. நெடுஞ்சாலைப் பணியில் நடந்த ஊழலைச் சொன்ன பொறியாளர் சத்யேந்திர துபே 2003-ல் கொல்லப்பட்ட பிறகு, முறைகேட்டைச் சொல்பவரைக் காக்க 2004-ல் மத்திய அரசு கொண்டுவந்த பொதுநல வெளிப்படுத்தல் தீர்மானம் அது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு மூடிய உறையில் அனுப்ப வேண்டும். உறைமேல் இந்தத் தீர்மானத்தின் கீழான புகார் என்று எழுத வேண்டும், பெயரை எழுதக் கூடாது. பெயரும் முகவரியும் உள்ளே கடிதத்தில் இருக்க வேண்டும். மொட்டைக் கடிதம் எடுபடாது. மாநில அரசு ஊழியருக்கு இந்த வழி இல்லை. முறைகேட்டைச் சொல்லும் எல்லோரையும் காக்க வேண்டிய 2014-ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்புதல் பெற்றும் நடைமுறைக்கு வராமல் கிடப்பது நமக்குப் பெரிய வேதனை.

பாலியல் தொல்லைப் புகாருக்குப் பணியிடத்தில் பெண்களைக் காக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் அலுவலகத்திலேயே இதற்கென அமைக்கப்படும் உள்ளகப் புகார்க் குழுவிடம் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் தரலாம். ஆவணங்கள், சாட்சிகளின் பெயர் முகவரியோடு 6 பிரதிகள் வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். நம்மிடம் வரும் சகோதரிகள் பலர் தவறவிடுவது இடைக்கால நிவாரணத்தை. எதிர்த்தரப்பினர் உங்கள் பணி மதிப்பீட்டையும் மந்தண (ரகசிய) அறிக்கையையும் எழுதாதபடி தடுத்து வேறு அலுவலரிடம் ஒப்படைக்கக் குழு பரிந்துரைக்கலாம். நீங்கள் எழுத்தில் கேட்டால்தான் அது நடக்கும். புகாரோடு சேர்த்தே கேட்டுவிடுங்கள், ஏனென்றால் அந்த ஆண்டு மதிப்பீட்டில் விழும் ஒரு வரி பதவி உயர்வு வரைக்கும் துரத்தும். இடமாற்றமும் அப்படியே: இந்தச் சட்டப்படி புகார் கொடுத்தவர் கேட்டால்தான் அவரை மாற்றலாம். கேட்காமலே 'உங்கள் பாதுகாப்புக்காக' என்று மாற்றினால், நான் கேட்கவில்லை என்று உடனே எழுதிக் கொடுங்கள். புகாரை நிரூபிக்க முடியாமல் போனதாலேயே பொய்ப் புகார் என்று நடவடிக்கை எடுக்க முடியாது. ஆனால் அப்படி நடவடிக்கை வரும் என்று சொல்லித்தான் மிரட்டுகிறார்கள்.

மாறுதல் ஆணை வந்தால் இப்போதைய இடத்திலிருந்து விடுவிக்கும் ஆணைக்கு முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள். தண்டனைக்குப் பதிலாகப் போடும் மாறுதல் செல்லாது என்று 2008-ல் சோமேஷ் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் தடையாணை கையில் இல்லாமல் வழக்கை நம்பிப் பணியில் சேராமல் இருந்தால், அனுமதியின்றி வராமை என்று புதுக் குறிப்பாணை வரும். வழக்கு நடக்கும்போதே ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிட்டுச் சேர்ந்துவிடுவது நல்லது. குறிப்பாணைக்கு விளக்கம் தரும்முன், கெடு முடிவதற்குள், குற்றச்சாட்டுக்கு ஆதாரமாகக் காட்டும் சார்பு ஆவணங்களைக் கேட்டு எழுதுங்கள். அவசரத்தில் எழுதிய முதல் விளக்கம்தான் பின்னால் கழுத்தைப் பிடிக்கிறது.

உள்ளகப் புகார்க் குழு அமைத்த ஆணையை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வைக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. ஒட்டாத அலுவலகங்களின் பட்டியலை உறுப்பினர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்குள் கிளையிடம் தர வேண்டுகிறேன். அதைச் சேர்த்து மாவட்ட ஆட்சியரிடம் மனுவாகக் கொடுப்போம், இரண்டு பிரதியாக.